இராஜாபாய் கோபுரம் எழுப்பிய பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பை மாநகரின் கோட்டைப் பகுதியில், பல்கலைக்கழக வளாகத்துள், நூலகக் கட்டடத்தின்மேல் 280 அடி உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்தின் மணிக்கூண்டு 136 அடி. அண்ணா சாலையில் உள்ள எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. இவற்றை நாள்தோறும் காண்போர் அக்கோபுரத்தின் உயரத்தை மனத்தில் அளந்துகொள்ளலாம். அது விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் எழுந்தது; ஆயினும் அரசியின் பெயரோ ஆளுநர் எவருடைய பெயரோ அதற்கு இடப்படவில்லை. இராஜாபாய் என்னும் சமண மூதாட்டியின் பெயரைத் தாங்கி அது நிற்கிறது. அவ்வம்மையாரின் மகனே, பருத்தி அரசர் என்று பம்பாய் நகரத்தார் அழைத்த பிரேம்சந்த் ராய்சந்த்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டில் இருப்புப்பாதைகளை அமைத்தும், அவற்றின் பங்குகளை வாங்கி விற்றும் அளவிறந்த செல்வம் திரட்டியோர் பலர். இந்தியாவில் அத்தகையோர் தோன்ற வழியில்லாதிருந்தது. இங்கே இருப்புப்பாதைக்கு வேண்டிய முதல் இலண்டனில் திரட்டப்பட்டது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து வட்டி கிடைக்கும் என்று அரசே உறுதி கொடுத்தது. ஆகவே தண்டவாளங்களின் ஊதியம் கடல் கடந்து சென்றது. ஆனால் அத்தண்டவாளங்களின்மேல் ஓடிவந்த பருத்தியும், அதனால் விளைந்த பங்குச் சந்தையும் ஓர் இந்திய வணிகரை அந்த அமெரிக்கச் செல்வர்களுக்கு நிகராக உயர்த்தின. பின்னர் அவர்களுள் பலர் கண்டதைவிடப் பெரிய வீழ்ச்சியிலும் தள்ளின.

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டு சூரத் நகரில், சுவேதாம்பரப் பிரிவைச் சார்ந்த குசராத்திச் சமணக் குடும்பத்தில் பிறந்தார். சூரத்து ஒருகாலத்தில் மேலைக்கடலின் தலைசிறந்த துறைமுகம். அவர் பிறந்த நாளில் அதன் வாணிகம் பம்பாய்க்கு இடம்பெயர்ந்துவிட்டது. வாணிகத்தின் பின்னே வணிகரும் பெயர்ந்தனர். அவருடைய தந்தை ராய்சந்த் தீப்சந்தும் பிழைப்பை நாடிக் குடும்பத்துடன் பம்பாய் சேர்ந்தார். மகனை எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் ஆங்கிலம் பயில வைத்தார். அக்காலத்து வணிகக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கும் கடைப்பழக்கமும் போதும் என்றே பெரியோர் கருதினர். அந்த வழக்கத்திற்கு மாறாக அத்தந்தை செய்த ஏற்பாடே மகனின் வாழ்வைத் திருப்பியது எனலாம். பம்பாய்ப் பங்குத் தரகருள் ஆங்கிலத்தைப் படிக்கவும் பேசவும் எழுதவும் வல்ல முதல் இந்தியர் பிரேம்சந்த் என்று வரலாற்றாசிரியர் குறிப்பர். வெள்ளையர் நடத்திய வங்கிகளுக்கும் இந்திய வணிகருக்கும் இடையே நின்று இரு சாராருடனும் நேரே பேசக்கூடியவர் அன்று அரியர். அந்த இடைவெளியில் இவர் நுழைந்தார். இருபது வயதளவில் தரகுத் தொழிலில் கால்வைத்தவர், முப்பது வயதை எட்டுவதற்கு முன்பே இலட்சாதிபதியானார்.

1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு 21 மைல் தொலைவு முதல் பயணிகள் இரயில் ஓடியபோது பிரேம்சந்துக்கு வயது இருபத்திரண்டு. பத்தாண்டுகளுக்குப்பின், 1863-இல், மேற்குத் தொடர்ச்சி மலையின் போர்க் கணவாய் வழியே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை தக்காணத்துப் பருத்தி பொதிமாடுகளின் முதுகிலும் வண்டிகளிலும் வாரக்கணக்கில் மலையிறங்கி வந்தது; மழையில் நனைந்தும் புழுதி படிந்தும் பாதி மதிப்பை இழந்து துறைமுகம் சேர்ந்தது. இருப்புப்பாதை அத்துயரைத் தீர்த்தது. 1864-இல் பம்பாய் பரோடா மத்திய இந்திய இரயில்வே குசராத்திலிருந்து பம்பாயை எட்டியது. பிரேம்சந்தின் பிறந்த ஊராகிய சூரத்தும் புகுந்த ஊராகிய பம்பாயும் தண்டவாளத்தால் இணைந்தன. பருத்தி வருவதற்கான வழி திறந்த அதே வேளையில், அதற்கு முன்னில்லாத விலையும் வந்தது.

அதற்குக் காரணம் பன்னாயிரம் கல் தொலைவில் நடந்த போர். இங்கிலாந்தின் நூற்பாலைகள் தங்கள் பருத்தியின் பெரும்பகுதியை அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்தே பெற்றுவந்தன. அடிமைகளின் உழைப்பால் விளைந்த பருத்தி அது. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வட மாநிலங்களின் கடற்படை தென் துறைமுகங்களை முற்றுகையிட்டது. பருத்திக் கப்பல்கள் நின்றன. இலங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டுத் தொழிலாளர் பட்டினி கிடந்தனர். ஆலை முதலாளிகளின் கண்கள் இந்தியப் பக்கம் திரும்பின. பம்பாய்ச் சந்தையில் பருத்தி விலை பன்மடங்கு ஏறியது. மெத்தைகளையும் தலையணைகளையும் கிழித்துப் பஞ்சை எடுத்து விற்றனர் என்று அக்காலத்தைப் பற்றிக் கூறாத நூல் இல்லை. போர் நடந்த நான்காண்டுகளில் வழக்கமான வருவாய்க்கு மேல் ஏறத்தாழ ஏழு கோடிப் பவுன், அதாவது அன்றைய மாற்று மதிப்பில் எழுபது கோடி ரூபாய், பம்பாய்க்குள் வந்து பாய்ந்தது என்று கணக்கிடுவர்.

பிரேம்சந்த் இந்தப் பருத்தி வாணிகத்தின் நடுநாயகமானார். இலண்டனுக்கும் பம்பாய்க்கும் நேர்த் தந்தித் தொடர்பு அமையாத நாள் அது. லிவர்பூல் சந்தை விலை கப்பல் வழியே வந்தால்தான் தெரியும். கப்பல் துறைமுகத்தைத் தொடுவதற்கு முன்பே தம் ஆட்களைப் படகில் நடுக்கடலுக்கு அனுப்பி, விலைச் செய்தியை முன்கூட்டி அறிந்து, பிறர் விழிக்குமுன் வாங்கவேண்டியதை வாங்கி முடிப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. இதில் வஞ்சகம் உண்டா என்று வினவினால், இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. பிறர் உறங்க, இவர் விழித்திருந்தார், அவ்வளவே. பின்னர் வந்த செயல்களுக்கு இவ்விடை பொருந்தாது.

பருத்தியால் வந்த பணம் எங்கேனும் சென்று தங்கவேண்டுமே. நிலத்தில் விதைக்க அது போதாதிருந்தது. ஆகவே காகிதத்தில் விதைத்தனர். வங்கிகள், நிதிக் கழகங்கள், கப்பல் நிறுவனங்கள், பருத்தி அழுத்தும் ஆலைகள், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகள் எனக் காளான்போல் முளைத்தன. 1865-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பம்பாயில் 31 வங்கிகள் இருந்தன. எழுத்தர் வேலையை விட்டார். ஆசிரியர் பள்ளியை விட்டார். அனைவரும் பங்கு வாங்கினர். புதிய கம்பெனி எது தொடங்கினாலும் பிரேம்சந்தின் பெயர் அதில் இருக்கிறதா என்பதே முதல் வினா. அவர் பெயர் இருந்தால் பங்கு உயரும். அவர் ஒரு துண்டுத் தாளில் பரிந்துரை எழுதிக் கொடுத்தால் வங்கி கடன் தரும். பைகுல்லாவில் இருந்த பிரேமோத்யானம் என்னும் அவருடைய மாளிகையின் வாயிலில் காலைதோறும் கூட்டம் கூடியது. அப்போது அவருக்கு வயது முப்பத்துமூன்று.

இவற்றுள் தலையாயது பேக்பே நிலமீட்புக் கம்பெனி. மலபார்க் குன்றின் அடிவாரத்திலிருந்து கொலாபா வரை வளைந்து கிடந்த கடற்பரப்பைத் தூர்த்து நிலமாக்கி, பம்பாய் பரோடா இரயில்வேயைத் தெற்கே கொலாபா வரை கொண்டுசெல்ல இடம் தந்து, எஞ்சிய நிலத்தை விற்றுப் பொருளீட்டுவது திட்டம். நிலத்துக்குத் தவித்த தீவு நகரத்தில் இது வெறுங்கனவு அன்று. ஆனால் மண் கொட்டப்படுவதற்கு முன்பே பங்கின் விலை மலையேறியது. 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை விற்றது. கரையில் அலை மோதிக்கொண்டிருந்த நீர்ப்பரப்புக்கு அந்த விலை.

அந்நாளைய கெடு வாணிகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறியாகவேண்டும். வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து உழவர் குடும்பங்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நாற்றங்காலில் நாற்று நிற்கும்போதே, தைமாதம் களத்துக்கு வரப்போகும் நெல்லை இன்ன விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுக்கிறார். அவரிடம் பணம் இல்லை. விற்பவரிடம் நெல் இல்லை. வாங்கியவர் அந்த வாக்கையே இலாபம் வைத்து மூன்றாமவருக்கு விற்கிறார், அவர் நான்காமவருக்கு. தைமாதம் வரும்போது நெல்லையே காணாத பத்துப்பேர் ஒருவர்க்கொருவர் கடன்பட்டு நிற்பர். பம்பாயில் நெல்லுக்குப் பதில் பங்கு; தைமாதத்துக்குப் பதில் 1865 சூலைத் திங்கள் முதல் நாள். அன்று கணக்கு முடிப்பதாகக் கோடிக்கணக்கில் வாக்குகள் கைமாறிக்கிடந்தன.

இக்காலத்தில்தான் பிரேம்சந்தின் பெருங்கொடைகளும் தொடங்கின. 1864-ஆம் ஆண்டு பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கினார். சில வாரங்களுக்குள் தம் அன்னையின் பெயரால் மணிக்கோபுரம் எழுப்ப மேலும் இரண்டு இலட்சம் வழங்கினார். கேட்டு வந்தவர் எவரையும் அவர் வெறுங்கையுடன் அனுப்பியதில்லை என்பர். பள்ளிகள், தருமசாலைகள், திருக்கோயில் பணிகள் ஆகியவற்றுக்கு அவர் வாழ்நாளில் வழங்கிய தொகை 60 இலட்சம் வரை இருக்கும் என்பது பலர் கூறும் கணக்கு.

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களில் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. தனக்கு இவ்வளவு போதும் என்று எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குமேல் வருவதை அறத்துக்கு ஒப்படைப்பது அதன் நடைமுறை. பிரேம்சந்த் கொடுத்ததில் குறைவைக்கவில்லை. எல்லை வகுப்பதில்தான் தவறினார். ஒரு கையால் வாரி வழங்கியவர் மறுகையால் மேலும் மேலும் வாரிக்கொண்டிருந்தார். அக்கொடைப் பணத்தின் ஒரு பகுதி, பின்னாளில் தெருவில் நின்ற முதலீட்டாளரின் சேமிப்பிலிருந்தும் வந்ததே என்னும் உண்மையை அவரைப் போற்றுவோர் மறைத்தல் ஆகாது.

1865 ஏப்ரல் 9-ஆம் நாள் அமெரிக்கத் தென்படையின் தலைவர் இராபர்ட் லீ சரணடைந்தார். போர் முடிந்தது. அடிமைத்தளை ஒழிந்த செய்தி கேட்டு உலகம் மகிழ்ந்த வேளையில் பம்பாய் மட்டும் நடுங்கியது. பருத்தி விலை சரிந்தது. பருத்தியை நம்பிய பங்கு சரிந்தது. பங்கை நம்பிய வங்கி சரிந்தது. மே மாதத்திலேயே பெருவணிகர் சிலர் கைவிரித்தனர். சூலை முதல் நாள் வந்தபோது வாக்குக் கொடுத்தவர் எவராலும் கொடுக்க இயலவில்லை. வாங்கவேண்டியவர் எவரும் வாங்கவில்லை. 50,000 விலைபோன பேக்பே பங்கு 2,000-க்கும் கீழே இறங்கியது. இலட்சாதிபதிகளாய் உறங்கச் சென்றோர் கடனாளிகளாய் விழித்தனர். 1864-இல் எட்டு இலட்சத்துக்கும் மேல் இருந்த நகரத்தின் மக்கள் தொகை 1872-இல் ஆறரை இலட்சத்துக்கும் கீழே குறைந்தது. பிழைக்க வந்தவர்கள் வந்த வழியே திரும்பினர் என்பதே அவ்வெண்களின் பொருள்.

இந்த இடிபாட்டில் சிக்கியோருள் நசர்வான்ஜி டாட்டாவும் ஒருவர். பிரேம்சந்துடன் கூட்டுச் சேர்ந்து வங்கித் தொழிலில் ஈடுபட்டிருந்த அவர், இலண்டனில் கிளை தொடங்கத் தம் மகன் ஜாம்செட்ஜியை அனுப்பியிருந்தார். இளைஞர் ஜாம்செட்ஜி கையில் கொண்டுசென்ற பத்திரங்கள் அங்கே வெற்றுத்தாள்களாயின. கடன்காரர்களைத் தாமே நேரிற் கண்டு உள்ளதை உள்ளபடி உரைத்தார். அந்நேர்மையைக் கண்ட அவர்கள் கணக்கை முடித்துவைக்கும் பொறுப்பை அவரிடமே விட்டனர். பின்னாளில் இந்தியத் தொழில்துறையின் தந்தையானவர் கற்ற முதற்பாடம் இதுதான்.

பம்பாய் வங்கியின் கதை இன்னும் கசப்பானது. 1840-இல் தொடங்கிய அவ்வங்கியில் அரசுக்கும் பங்கு இருந்தது; ஆகவே கைம்பெண்களும் ஓய்வுபெற்றோரும் அச்சமின்றி அதில் பணம் போட்டனர். 1863-இல் பங்குகளின் ஈட்டின்மேல் கடன் கொடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அதன்பின் வங்கியின் செயலாளர் பிரேம்சந்தின் சொல்லுக்கு மறுசொல் இன்றிக் கடன் வழங்கினார். அவருக்கும், அவர் கைகாட்டியவர்க்கும் பெருந்தொகைகள் சென்றன. ஈடாக வந்த பங்குகள் 1865-க்குப்பின் மதிப்பிழந்தன. வங்கியின் முதல் ஏறத்தாழ முழுவதும் அழிந்து, 1868-இல் அது மூடப்பட்டது. சர் சார்லஸ் ஜாக்சன் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, இயக்குநர்களின் கவனமின்மையையும், செயலாளரின் அடங்கிய போக்கையும், பிரேம்சந்தின் அளவிறந்த செல்வாக்கையும் வெளிக்கொணர்ந்தது. பிரேம்சந்தும் குழுவின்முன் தோன்றிச் சாட்சியம் அளித்தார். அவர் ஒருவரே குற்றவாளி என்று முடிப்பது நேர்மையாகாது. கதவைத் திறந்துவைத்தோர் காவலர், நுழைந்தவர் இவர். ஆயினும் நுழைந்தது உண்மை.

பிரேம்சந்தின் கையிருப்பு கரைந்தது. கடன்காரர்களுக்குக் கொடுத்ததுபோக எஞ்சியது சிறிது. ஒருகாலத்தில் அவர் வாயிலில் நின்ற கூட்டம் இப்போது அவரைப் பழித்தது. அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. அதே பம்பாயில், அதே பைகுல்லாவில், தம்மால் பொருளிழந்தோர் நடமாடும் தெருக்களிலேயே மேலும் நாற்பதாண்டுகள் வாழ்ந்தார். அது எளிதன்று. மீண்டும் தரகராகவும் பருத்தி வணிகராகவும் அடிப்படியிலிருந்து தொடங்கினார். பழைய உயரத்தை அவர் மறுமுறை எட்டவில்லை. ஆனால் தொழிலில் நிலைபெற்றார்.

அவர் இழந்தவற்றின் பட்டியல் நீளமானது. ஆனால் 1864-இல் கொடுத்துவிட்ட பணம் மட்டும் எந்தக் கடன்காரரின் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. பல்கலைக்கழகத்தின் கருவூலத்தில் அது வட்டியுடன் வளர்ந்தது. 1869-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடம் தந்தவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் சர் சார்ச்சு கில்பர்ட் ஸ்காட். அவர் இந்திய மண்ணை மிதித்ததே இல்லை. குர்லாக் கல்லாலும் போர்பந்தர்க் கல்லாலும் கட்டி 1878 நவம்பரில் முடித்தனர். செலவு ஐந்தரை இலட்சம் ரூபாய் அளவு. மேற்கிந்தியாவின் பல்வேறு சமூகத்தாரைக் குறிக்கும் 24 உருவச் சிலைகள் கோபுரத்தை அணிசெய்கின்றன. அந்த எண்ணிக்கை தற்செயலாய் அமைந்ததே. ஆயினும் தீர்த்தங்கரரை வணங்கும் குடும்பத்தார் அதைக் கேட்டால் முகம் மலர்வது இயல்பு.

அடிக்கல் நாட்டிய பத்தாம் வாரத்தில், 1869 மே 10 அன்று, அமெரிக்காவில் கடலுக்குக் கடல் செல்லும் இருப்புப்பாதையின் இறுதி ஆணியைப் பொன்னாற் செய்து அறைந்தனர். அறைந்தவர் சென்ட்ரல் பசிபிக் இரயில்வேயின் தலைவர் லேலண்ட் ஸ்டான்போர்டு. பதினைந்து வயதில் இறந்துபோன ஒரே மகனின் நினைவாக அச்செல்வர் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவினார். 1891-இல் அது திறக்கப்பட்டது. அங்கே இறந்த மகனுக்குத் தந்தை எழுப்பியது. இங்கே வாழ்ந்த தாய்க்கு மகன் எழுப்பியது.

இராஜாபாய் அம்மையாரைப் பற்றிச் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. முதுமையில் அவர் கண்பார்வையை இழந்தார். கதிரவன் மறைந்தபின் உணவு கொள்ளாத நோன்பில் வழுவாதவர். ஒளியைக் காண இயலாதவருக்கு அந்தி சாய்ந்ததா இல்லையா என்பதைப் பிறர் சொல்லித்தானே தெரியவேண்டும்? எவரையும் கேளாமல், மணியோசை கேட்டே தம் தாய் உண்ணும் நேரத்தை அறியவேண்டும் என்பதற்காகவே மகன் மணிக்கோபுரம் எழுப்பினார் என்று கூறுவர். கோட்டைக்கும் பைகுல்லாவுக்கும் இடையே உள்ள தொலைவை எண்ணினால் ஓசை அவ்வளவு தூரம் சென்றிருக்குமா என்னும் ஐயம் எழலாம். ஆனால் மாலை ஐந்து மணிக்கே அடுப்படியில் பரபரப்பு மிகும் வீடுகளில், விளக்கேற்றுமுன் பாட்டியின் இலையைப் போட்டுவிடவேண்டும் என்று மருமகள் விரையும் வீடுகளில், இக்கதைக்குச் சான்று கேட்போர் இலர். பம்பாயின் குசராத்திச் சமணரும் தொண்டைநாட்டுத் தமிழ்ச் சமணரும் பிரிவால் வேறு, மொழியால் வேறு, தொழிலால் வேறு. இந்த நோன்பில் இரு வீட்டு அடுக்களைக்கும் வேறுபாடு இல்லை.

பம்பாய்க்கு வெளியேயும் அவர் கொடை சென்றது. 1866-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அவரிடமிருந்து இரண்டு இலட்சம் ரூபாய் பெற்று, பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வு உதவித்தொகையை ஏற்படுத்தியது. பம்பாய் வணிகர் ஒருவர், தாம் வாழாத மாநிலத்தின், தம் மொழி பேசாத மாணவர்க்கு இதனைச் செய்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். வங்காளத்துக் கல்வியாளர்க்கு அது கிடைத்தற்கரிய பெருமையாயிற்று. ஆனந்தமோகன் போசு, அசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர் சதுநாத் சர்க்கார், இரமேசு சந்திர மசும்தார் ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். இவர்களுள் முன்னவர் காங்கிரசின் தலைவரானார்; இரண்டாமவர் அப்பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தராகி அதனை உலகறியச் செய்தார்.

1875-இல் பம்பாய்த் தரகர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். டவுன்ஹால் அருகே ஆலமரத்தடியில் நின்று பேரம் பேசியவர்கள் 318 பேர், ஆளுக்கு ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராயினர். அச்சங்கமே இன்றைய மும்பைப் பங்குச் சந்தை. அதை நிறுவியோருள் முதன்மையாகப் பிரேம்சந்தையே சொல்வர். கட்டுப்பாடற்ற சந்தை என்ன செய்யும் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அந்த மரத்தடியில் எவர் இருந்திருப்பர்? வாக்கு மீறியவரை விலக்கவும் வழக்குகளைத் தமக்குள் தீர்க்கவும் விதிகள் வகுக்கப்பட்டன.

பிரேம்சந்த் 1906 ஆகஸ்டு 31-ஆம் நாள் பம்பாயில் காலமானார். அகவை எழுபத்தைந்து. அவர் கண்மூடிய இரண்டு மாதங்களுக்குள், அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, சென்னைக் கடற்கரைச் சாலையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. அதை நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஒரே பகலில் சேமிப்பை இழந்தன. பம்பாய் 1865-இல் கண்டதைச் சென்னை நாற்பதாண்டு கழித்துக் கண்டது. அந்தத் துயரிலிருந்துதான் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அதன் தொடக்ககால இயக்குநர்களுள் ஒருவர் இராமசாமி செட்டியார். அவருடைய இளவல் அண்ணாமலை செட்டியாரின் பெயரால் விளங்குவதே இன்றைய ராஜா அண்ணாமலைபுரம்.

பேக்பே கம்பெனி கலைந்தபின் தூர்த்த நிலம் அரசின் கைக்குச் சென்றது. திட்டமிட்டபடியே இருப்புப்பாதை அதன்மேல் கொலாபா வரை போடப்பட்டது. 1930 வரை இரயில்கள் கொலாபாவுக்கு ஓடின. இன்று அப்பாதை சர்ச்கேட் நிலையத்தோடு நின்றுவிடுகிறது. காலையில் அந்நிலையத்தில் வந்திறங்கும் பெருங்கூட்டம், ஒருகாலத்தில் 50,000 ரூபாய்ப் பங்காக இருந்த மண்ணை மிதித்துக்கொண்டு அலுவலகம் செல்கிறது. பிரேமோத்யானம் பின்னாளில் கன்னியர் மடத்தாரிடம் சென்று, அங்கே பள்ளியும் ஆதரவற்ற சிறுமியர்க்கான இல்லமும் அமைந்தன. குடும்பத்தாரின் தரகு நிறுவனம் அவர் பெயராலேயே தலைமுறை கடந்து நடந்துவருகிறது.

கோபுரத்தில் காலப்போக்கில் கல் அரித்தது. வண்ணக் கண்ணாடிகள் உடைந்தன. டாட்டா குழுமத்தைச் சார்ந்த டி.சி.எஸ். நிறுவனம் பொருளுதவி செய்ய, 2015-இல் சீரமைப்புப் பணி நிறைவுற்றது. நசர்வான்ஜி டாட்டா தம் கூட்டாளியோடு சேர்ந்து எல்லாம் இழந்து சரியாக நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 2018-இல் யுனெஸ்கோ அமைப்பு அப்பகுதியின் கட்டடத் தொகுதியை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இராஜாபாய் கோபுரமும் அதனுள் அடங்கியது. மாலையில் நீதிமன்றம் கலைந்து ஓவல் திடலில் பிள்ளைகள் மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தி சாய்வதற்குச் சற்றுமுன், அதன் மணி ஒலிக்கிறது.